சுண்டலுக்குப் போட்ட கையெழுத்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கம்பெனிக்கு லீவு லெட்டரும், மெஷின் சத்தம் போடுகிறது என்று சூப்பர்வைசருக்குத் துண்டுச் சீட்டும்தான். சென்னை பாடியில் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறேன். எங்கள் தெருப் பூங்காவைப் பற்றி எழுத இந்தப் பக்கத்தில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியிருந்தால் நான் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். அவர்கள் எழுதவில்லை. அதனால் தகுதி இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். சின்ன வயதில் போய்விடும் என்றார்கள், போகவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்காமல் இறங்கிவிடுவேன். கல்யாணப் பந்தியில் ரசம் என் இலையைத் தாண்டிப் போய்விட்டால் கூப்பிட மாட்டேன், மோர் வரும்வரை சும்மா இருப்பேன். யாராவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் உடனே போட்டுவிடுவேன். எதற்கு என்று கேட்டால் பேச வேண்டியிருக்கும். போட்டுவிட்டால் பேச்சு முடிந்துவிடும். இந்தப் பழக்கம்தான் என்னை இங்கே எழுத உட்கார வைத்தது.

என் மனைவி இதற்கு நேர் எதிர். பாடியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு நாலு தெருவுக்குக் கொடுக்கிறாள். அவளுக்கு நாலு தெருவும் தெரியும். எனக்கு என் தெருவிலேயே பாதிப் பேரைச் செருப்பை வைத்துத்தான் தெரியும்.

நாங்கள் மனை வாங்கிய கதையை முதலில் சொல்ல வேண்டும். கொரட்டூரில் வாடகைக்கு இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடி கூட்டு ரோட்டில் நின்றால் இலவச வேன் வரும், மனையைக் காட்டிவிட்டு மதியம் தக்காளி சாதம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்று நோட்டீஸ் வந்தது. போனோம். ஆவடி பூந்தமல்லி சாலையிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர். வெள்ளையடித்த கற்கள், கலர் கொடிகள், ஒரு ஷாமியானா. மேஜை மேல் பெரிய பிளான். பிளானில் மனைகளெல்லாம் வெள்ளையாக இருந்தன. நடுவில் ஒரே ஒரு கட்டம் பச்சையாக இருந்தது. அதற்குள் குடை மாதிரி நாலு மரம், ஒரு நீரூற்று, பலூன் பிடித்த குழந்தை.

மனை போட்ட புரமோட்டரின் மேனேஜர் எங்களைப் பச்சைக் கட்டத்துக்கு எதிரில் இருந்த மனைக்குக் கூட்டிப்போனார்.

"இது பார்க் ஃபேஸிங் மேடம். அடிக்கு நூறு ரூபா கூட."

"பார்க்கு எங்க கீது?" என்றாள் மனைவி.

எதிரே கருவேல முள் ஆள் உயரத்துக்கு நின்றது. அதைத்தான் கை நீட்டிக் காட்டினார்.

"இத்தப் பாத்துக்கினு இருக்கறதுக்கா நூறு ரூபா கூட?"

"பார்க் வந்துரும் மேடம். அந்த இடத்த நகராட்சிக்குத் தானப் பத்திரமா எழுதிக் குடுத்துட்டோம். லே-அவுட் போட்டா அப்படிக் குடுக்கணும், அதான் ரூல். அவங்க பார்க் போட்டுருவாங்க."

மனைவி என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "பாத்தியா, தானம் குடுக்கறது அவுங்களாம். துட்டு குடுக்கறது நாமளாம்."

மேனேஜரும் சிரித்தார். நாங்களும் அந்த மனையைத்தான் வாங்கினோம். அரை கிரவுண்டு. பிறகு தெரிந்தது, அந்த லே-அவுட்டில் முதல் மாதத்திலேயே தீர்ந்துபோனவை முள்ளைப் பார்த்த மனைகள்தான். எல்லாரும் பிளானில் இருந்த பலூன் குழந்தையைப் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

முள் ஐந்து வருஷம் அப்படியே நின்றது. அதற்குள் பாம்பு வந்தது, குப்பை வந்தது. யாரோ ஒரு இரவில் செப்டிக் டேங்க் லாரியை உள்ளே விட்டுத் திறந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் நான் முதல் ஆளாகப் போனேன். நாலு ஞாயிறு ஆனது. நிலம் தெரிந்ததும் நகராட்சிக்கு மனு மேல் மனு போட்டோம். தேர்தல் நெருங்கியபோது சுவர் எழும்பியது, நடைபாதை வந்தது, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஆறு சிமெண்ட் பெஞ்சு. நடுவில் ஒரு பள்ளம் தோண்டி ஜல்லி போட்டு மழைத் தண்ணீர் இறங்க வழி செய்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் கறுப்புக் கல்லில் பதினோரு பேர் பெயரைப் பொறித்தார்கள். முள் வெட்டிய யார் பெயரும் அதில் இல்லை. நான் அதற்காக வருத்தப்படவில்லை. என் பெயரைக் கல்லில் பார்த்திருந்தால் அந்தப் பக்கமே நடந்திருக்க மாட்டேன்.

ஆனால் பூங்கா வந்த பிறகு நடந்ததை நான் கவனித்தேன். பேசாத ஆளுக்குக் கவனிக்க நேரம் நிறைய. அதுவரை சும்மா கிடந்த மனைகளில் எல்லாம் ஒரே வருஷத்தில் கம்பி கட்ட ஆரம்பித்தார்கள். வீடு வந்தால் வீட்டு வரி, தண்ணீர் வரி, குப்பை வரி. நகராட்சி ஊஞ்சலுக்குச் செலவழித்ததை எங்கள் தெருவிடமிருந்தே எப்போதோ எடுத்திருக்கும். புரோக்கர்கள் போர்டில் 'பூங்கா அருகில்' என்று எழுதினார்கள். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். பெருமழையில் பக்கத்து லே-அவுட்டுகளில் தண்ணீர் முழங்கால் வரை மூன்று நாள் நின்றது, நகராட்சி மோட்டார் வைத்து இறைத்தது. எங்கள் தெருத் தண்ணீர் பூங்காப் பள்ளத்தில் இறங்கி மறுநாளே வடிந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மோட்டார் வரவேயில்லை. வராத மோட்டாரின் டீசல் செலவு மிச்சம்தானே? அதை யாரும் கல்லில் பொறிப்பதில்லை.

இதெல்லாம் மற்றவர்களுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வேறு.

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, கிரைண்டர் வைத்த சமையலறை. சாயங்காலம் கிரைண்டர் ஓடும். பகல் முழுக்க லேத் சத்தம் கேட்டவனுக்கு அதிலிருந்து தப்பிக்க ஒரு இடம் வேண்டும். டீக்கடைக்குப் போகலாம், ஆனால் டீக்கடையில் பேச வேண்டும். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்கிறார்கள். பூங்காவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்காருவேன். குழந்தைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போடும். பெண்கள் வட்டமாக நடந்துகொண்டே மாமியார்களைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு சுற்றில் மாமியார் அழ வைத்தால் அடுத்த சுற்றில் மருமகள் பதில் கொடுத்திருப்பாள். மனுஷர்களுக்கு நடுவில் இருக்கலாம், வாய் திறக்க வேண்டாம். என் மாதிரி ஆளுக்கு ஊரில் அப்படி இன்னொரு இடம் கிடையாது. அதற்காகத்தான் நான் அடிக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறேன் என்று பல சாயங்காலம் நினைத்ததுண்டு. நஷ்டம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

இப்போது சுண்டலுக்கு வருகிறேன்.

எங்கள் நலச்சங்கச் செயலாளர், ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெற்கத்திக்காரர். முப்பது வருஷம் ஆவடிக் குவார்ட்டர்ஸில் இருந்தவர். எல்லாம் வரிசையாக, நேரப்படி, ரிஜிஸ்டரில் நடக்க வேண்டும் அவருக்கு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முள் வெட்டியபோது அவரும் வெட்டினார். போன ஆயுதபூஜைக்கு அடுத்த ஞாயிறு பூங்காவில் கூட்டம் போட்டார். புரமோட்டர் தெருவுக்கு நாலு சிசிடிவி கேமரா இலவசமாகத் தருகிறார், அது சம்பந்தமாக என்றார்கள். தொன்னையில் சுண்டல் கொடுத்தார்கள். வாசலில் ரிஜிஸ்டர் இருந்தது. வருகைக்குக் கையெழுத்து. நான் வழக்கம்போல முதலில் போட்டுவிட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். கேமராவைப் பற்றிப் பேசினார்கள். சுண்டலில் உப்பு கொஞ்சம் கம்மி.

மூன்று வாரம் கழித்து மனைவி செயலாளர் வீட்டுக்கு மாவு கொடுக்கப் போனவள் வெறும் கையோடு வேகமாக வந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ், எதுக்குயா கையெழுத்து போட்டுகினு வந்துகீற?"

"எதுக்கு போட்டேன்?"

"அதான்யா நானும் கேக்கறேன்! அவுரு டேபிள் மேல ஒரு லெட்டர் கீது. பார்க்கு நடுவுல முப்பது அடி ரோடு உடறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லன்னு டைப் அடிச்சி கீது. அதுக்குக் கீழ பின் போட்டு ரிஜிஸ்டர் பேப்பர ஜெராக்ஸ் எடுத்து வெச்சிகீறாங்க. மொதல் கையெழுத்து இன்னாத்துக்கு உன்னுது?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பூங்காவுக்குப் பின்னால் இருந்த நிலத்தைப் புரமோட்டர் வாங்கியிருந்தார், இரண்டாம் ஃபேஸ் என்று அடுத்த லே-அவுட் போட. அங்கே போக வழி இல்லை. மெயின் ரோடு பக்கம் வேறொருவர் நிலம். எங்கள் குறுக்குத் தெரு நேராக வந்து பூங்கா கேட்டில் முட்டுகிறது. பூங்காவைப் பிளந்தால் அந்தத் தெரு நேரே அவர் நிலத்துக்குப் போய்விடும். நகராட்சியிடம் மனு கொடுத்திருந்தார். குடியிருப்பவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால் மன்றத்தில் வைத்துத் தீர்மானம் போடலாம் என்று யாரோ வழி சொல்லியிருந்தார்கள். ஆட்சேபணை இல்லை என்று நாற்பத்து மூன்று பேர் சொல்லிவிட்டோம். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டோம்.

"போய்க் கேளு," என்றாள்.

போனேன். செயலாளர் நாற்காலி போட்டார். அவராகவே ஆரம்பித்தார்.

"தம்பி, ஒங்க வீட்டம்மா கோவமாப் போனாங்கள்லா? ஒண்ணுமில்ல, முப்பது அடிதான். மிச்சம் இருக்கற எடத்துல புது ஊஞ்சல், ஒடம்புப் பயிற்சிக் கருவி, எல்லாம் புரமோட்டரே வச்சுத் தாராரு. கேமரா வேற. யோசிச்சுப் பாருங்க, நகராட்சிகிட்ட ஒரு பல்பு மாத்த நாலு தடவ நடக்கோம். இவரு கேக்காமலே தாராரு."

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏழெட்டு வாக்கியம் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சரிங்க," என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

மனைவி வாசலிலேயே நின்றாள். "இன்னா சொன்ன?"

"சரிங்கன்னு சொன்னேன்."

அவள் திட்டவில்லை.  "அந்தப் பெஞ்சுல குந்திக்கினு இருக்கறவன் நீ. எனக்கு இன்னா, நான் கிரைண்டர் பக்கத்துல கெடக்கறவ," என்று உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

 எனக்குக் கோபம் வந்திருந்தது. செயலாளர் மேல் பாதி, என் மேல் பாதி. பேசத் தெரியாது, சரி. வேறு என்ன தெரியும்? அளக்கத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐம்பது அடி டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும், மனைவியைக் கூப்பிட்டேன். பூங்கா முழுக்க ஜனம் இருந்த நேரம். எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நடந்ததை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. லே-அவுட்டை ஒட்டிய பழைய ஊரிலிருந்து மாட்டைத் தேடி வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. இந்த லே-அவுட் நிலமே அவர் குடும்பத்தார் விற்றதுதான். அவர் சுவர் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னா நைனா, பார்க்க வெலைக்கு வாங்கிட்டியா?"

"இவுரு வாங்கல தாத்தா, சுண்டலுக்கு வித்துட்டாரு. எவ்ளோ வித்தாருன்னு அளந்துகினு கீறோம்," என்றாள் மனைவி.

பூங்கா நூற்று ஐம்பது அடிக்கு நூற்றுப் பத்து. வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பட்டறையில் ஜாப்புக்கு டிராயிங் போடுவதுபோல அளவு குறித்து வரைந்தேன். முப்பது அடி ரோடு என்றால் முப்பது அடியோடு முடியாது. இரண்டு பக்கமும் கால்வாய் மூன்று மூன்று அடி. முப்பத்தாறு. நூற்று ஐம்பதில் மிச்சம் ஒரு பக்கம் எழுபது, இன்னொரு பக்கம் நாற்பத்து நாலு. மழைப் பள்ளம் தார் ரோட்டுக்கு அடியில் போகிறது. பெஞ்சுகள் ஒரு பக்கம், ஊஞ்சல் ஒரு பக்கம். நடுவில் ஜல்லி லாரியும் மணல் லாரியும். குழந்தை ஊஞ்சலிலிருந்து அம்மாவிடம் ஓடி வர வேண்டுமானால் ரோட்டைக் கடக்க வேண்டும்.

என் வேலையில் ஒன்று தெரியும். ஒரு ஜாப்பின், அதாவது கடைகிற இரும்புத் துண்டின், ஓரத்தில் கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டால் சமாளிக்கலாம். நடுவில் வெட்டிவிட்டால் அளவு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அது ஸ்கிராப்தான். தூக்கித் தொட்டியில் போட வேண்டியதுதான்.

மறுநாள் ஞாயிறு, எங்கள் வார்டு ஜனங்கள் கவுன்சிலரிடம் குறை சொல்லுகிற பகுதி சபைக் கூட்டம். ரேஷன் கடைக்கு மேலே இருந்த ஹாலில் போட்டிருந்தார்கள். கவுன்சிலர் அம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவர், பக்கத்தில் நகராட்சி இன்ஜினியர். புரமோட்டரும் வந்திருந்தார். அவரை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு, எல்லாரையும் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டேன். மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குப்பை வண்டி எல்லாம் முடிந்து, செயலாளர் எழுந்து கடிதத்தைப் படித்தார். குடியிருப்போர் நாற்பத்து மூன்று பேர் கையொப்பமிட்டு ஆட்சேபணை இல்லை என்று தெரிவித்திருக்கிறார்கள் என்றார். இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்காலி சத்தம் போட்டது, எல்லாரும் திரும்பினார்கள், அதன்பிறகு உட்காருவது நிற்பதைவிட வெட்கமாக இருந்தது.

"என் கையெழுத்தத் திருப்பிக் குடுங்க," என்றேன்.

ஹாலில் சிரிப்பு. "கையெழுத்து இன்னா கிண்ணமா அண்ணாத்தே, திருப்பிக் குடுக்கறதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்.

"அது ரோட்டுக்குப் போட்டது இல்லீங்க," என்றேன்.  "சுண்டலுக்குப் போட்டது."

சிரிப்பு இன்னும் பெரிதானது. நான் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் முன் வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். பூங்காவில் தினமும் மாமியார் பேச்சோடு நடக்கிறவர்களில் ஒருவர். "அய்யே, அந்தப் பேப்பரா? நானும் சுண்டலுக்குத்தான் போட்டேன்!" அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "நான் கேமராவுக்குன்னு நெனச்சேன்," என்றார். ஆட்டோக்காரர் சிரிப்பை நிறுத்தி, "இருங்க இருங்க, என் கையெழுத்தும் அதுல கீதா?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்தார். கீது என்று முன்னால் யாரோ சொன்னதும், "சுண்டலே எனக்கு வரல சார், தீந்துபோச்சின்னாங்க! அதுக்கும் சேத்து ரோடு உடுவீங்களா?" என்றார். இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. செயலாளர் முகம் கறுத்துப்போனது. ரிஜிஸ்டரில் தவறு என்று ஒன்று அவர் வாழ்க்கையில் அன்றுதான் நடந்திருக்க வேண்டும்.

புரமோட்டர் எழுந்தார். அவர் குரல் உயரவில்லை.

"ஐயா, அம்மா, நான் ஒண்ணும் புடுங்க வரல. அந்த இடமே நான் தானமா குடுத்தது. பல கோடி பெறும் இன்னிக்கு. குடுத்தவன் ஒரு வழி கேக்கக் கூடாதா?"

ஹால் அடங்கியது. தானம் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு பலம். கொடுத்தவர் முன்னால் வாங்கியவர் தலை தானாகக் குனிகிறது. எனக்கும் குனிந்தது. பிறகு அந்தக் கருவேல முள் ஞாபகம் வந்தது. தலையைத் தூக்கினேன்.

"தானம்னு சொல்லாதீங்க," என்றேன். "எங்க மனைக்கு அடிக்கு நூறு ரூபா கூட வாங்குனீங்க. எதுக்குன்னு கேட்டா, பார்க்குன்னு சொன்னீங்க. அப்ப பார்க்கு இல்ல, முள்ளுதான் இருந்துச்சு. முள்ளுக்குக் கூடக் குடுத்தவங்க நாங்க. மொதல்ல வித்துத் தீந்தது பார்க்கு மனைங்கதான். நீங்க பத்திரத்துல எழுதிக் குடுத்தீங்க, நாங்க துட்டா குடுத்தோம். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. இதுல தானம் எங்க இருக்கு?"

பழைய ஊர்ப் பெரியவரும் வந்திருந்தார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அப்டிப் பாத்தா தானம் குடுத்தது எங்க அப்பன்யா! சென்ட்டு இன்னா வெலைக்குக் குடுத்தாருன்னு சொன்னா சிரிப்பீங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் பேசாததெல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது போல வந்தது. கவுன்சிலர் பக்கம் திரும்பினேன். "அம்மா, நகராட்சியும் எங்களுக்குச் சும்மா குடுக்கல. பார்க்கு வந்தப்புறந்தான் இங்க வீடு வந்துச்சு. வீடு வந்ததாலதான் வரி வருது. மழைக்கு எங்க தெருவுக்கு நீங்க ஒரு மோட்டார் அனுப்பல. தேவைப்படல. அந்தப் பள்ளத்து மேலதான் ரோடு போவுது. போட்டீங்கன்னா அடுத்த மழைக்கு மோட்டார் அனுப்பணும், எங்க தெருவுக்கும், பின்னாடி வரப்போற அவரு தெருவுக்கும்."

காலண்டர் தாளைக் கொண்டுபோய் மேஜை மேல் விரித்தேன். இன்ஜினியர் குனிந்து பார்த்தார். கால்வாய் அளவைப் பார்த்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யார் போட்டது இது?"

"நான்தான்."

"அளவு கரெக்டா?"

"நான் லேத் டர்னருங்க," என்றேன். வேறு என்ன சொல்வது.

புரமோட்டரும் வந்து தாளைப் பார்த்தார். அவரிடம் சொன்னேன்: "ரெண்டாவது ஃபேஸுக்கும் வேன் வச்சு ஆள் கூட்டி வருவீங்க. அவங்ககிட்ட எதைக் காட்டுவீங்க? இப்ப நெஜமான பார்க்கு இருக்கு. பின் சுவர்ல ஒரு சின்ன கேட் வச்சா அந்த ஜனமும் நடந்து வரும். நாங்க வேணாம்னு சொல்ல மாட்டோம். பார்க்க வெட்டிட்டு, பலூன் படம் காட்டி எவ்வளவு நாளைக்கு விப்பீங்க? வழிய மெயின் ரோடு பக்கம் துட்டு குடுத்து வாங்குங்க. எங்ககிட்ட மட்டும் ஏன் சும்மா கேக்கறீங்க?"

 அவர் கோபப்படவில்லை. தாளில் எழுபது, நாற்பத்து நாலு என்ற இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். வியாபாரி கணக்குப் போடும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் முதலாளியிடம் பார்த்திருக்கிறேன். அவர் மனம் மாறினார் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு மாறியிருக்கலாம்.

கவுன்சிலர் அம்மா இன்ஜினியரிடம் தணிந்த குரலில், "தானப் பத்திரத்துல வந்த பார்க்க ரோடாக்க முடியுமா சார்?" என்று கேட்டார். அவர் இன்னும் தணிந்த குரலில், "பார்க்குக்குன்னு குடுத்தா பார்க்குக்குத்தாங்க," என்றார். முன்னால் நின்ற எனக்கு அது கேட்டது. இது இன்ஜினியருக்கு, செயலாளர் கடிதம் படிக்கும்போதே தெரியும். நாற்பத்து மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லாதவரை வாயைத் திறக்க அவருக்கு அவசியம் இல்லை.

"கையெழுத்து வேணாம்னு சொல்றவங்க தனித்தனியா எழுதிக் குடுங்க அண்ணே," என்றார் கவுன்சிலர் என்னிடம். "சபையில எதிர்ப்பு வந்துச்சுன்னு இப்பவே மினிட் புக்ல ஏத்தறேன்." ஏற்றினார். ஏற்றியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். அதன்பிறகுதான் உட்கார்ந்தேன். 

வெளியே வரும்போது செயலாளர் என்னைப் பார்க்காமல் போனார். எனக்கு அது வருத்தம்தான். நாளைக்கே வந்து பேசினால் பேசுவேன். ஆனால் சரிங்க என்று சொல்ல மாட்டேன். தெருவில் இரண்டு மூன்று பேர், கேமரா போச்சே உன்னால் என்றார்கள். போகட்டும். கேமரா வைத்துப் பார்க்க வேண்டிய திருட்டு அந்த ரிஜிஸ்டரில்தான் நடந்தது.

சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் மாவுப் பாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு எல்லாரும் வந்து கடிதம் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதினேன். ஒவ்வொருவரையும் கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொன்னேன், படிக்க முடியாதவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஆட்டோக்காரர், "சீக்கிரம் குடு அண்ணாத்தே, சவாரி கீது," என்று பேனாவைக் கேட்டார். கொடுக்கவில்லை. முழுவதும் படித்த பிறகுதான் கொடுத்தேன்.

முப்பத்தெட்டுக் கடிதம் சேர்ந்தது. ஐந்து பேர் வரவில்லை. அதில் செயலாளர் ஒருவர்.

மறுநாள் திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு நகராட்சி அலுவலகத்தில் கடிதங்களைக் கொடுத்தேன். தபால் பிரிவில் சீல் வைத்து நகல் தந்தார்கள். புரமோட்டர் ரோட்டுக்கு வழி கேட்ட மனுவை நிறுத்தி வைத்திருப்பதாக எழுத்தர் சொன்னார். பதினொன்றே முக்கால் பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்.